ஒரு ஜி.எம்.மை எப்படி எடைபோடுவது? ஹோவி ரோஸ்மனை வைத்துச் சில கேள்விகள், பதில்கள்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கிற நண்பர்கள், முக்கியமாக ஈகிள்ஸ் ரசிகர்கள், ஒவ்வொரு சீசனிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். பேச்சு முழுக்க அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். பற்றித்தான். உதாரணங்கள் பெரும்பாலும் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் (ஜி.எம்.) ஹோவி ரோஸ்மனைச் சுற்றியே வரும்.

ஜி.எம். என்பவர் சரியாக என்ன வேலை செய்கிறார்?

ஆட்களைச் சேர்ப்பது அவர் வேலை, சேர்த்த ஆட்களை ஆட வைப்பது பயிற்சியாளரின் வேலை. ஏப்ரலில் நடக்கும் டிராஃப்ட்டில் (அணிகள் வரிசைப்படி, சுற்றுச் சுற்றாக ஆள் எடுப்பது) கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது, மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்த வீரர்களை விலைபேசி எடுப்பது, மற்ற அணிகளோடு ஆள் மாற்றிக்கொள்வது, யாரை விடுவது, யாருக்குச் சம்பளத்தை உயர்த்துவது எல்லாம் இவர் மேஜையில்தான் முடிவாகும். கடைசியில் 53 பேர் கொண்ட அணி ஒன்று நிற்கும், அதைப் பயிற்சியாளர் கையில் கொடுப்பார். இரண்டு வேலைக்கும் நடுவே கோடு இருப்பதுபோலத் தெரிந்தாலும் நடைமுறையில் அந்தக் கோடு எப்போதும் கலங்கலாகவே இருக்கும், நிறைய அணிகள் அந்த இடத்தில்தான் உடைந்து போகின்றன.

ஏன் ரோஸ்மன்?

ஒரே ஆளை, ஒரே அணியில், ஒரே உரிமையாளரின் கீழ், நான்கு வெவ்வேறு தலைமைப் பயிற்சியாளர்களோடு பார்க்கும் வாய்ப்பு அபூர்வம். ரோஸ்மன் வக்கீலுக்குப் படித்தவர், 2000 இல் சம்பளக் கணக்குப் பிரிவில் பயிற்சி ஊழியராக நுழைந்து 2010 இல் ஜி.எம். ஆனார். ஆண்டி ரீட், சிப் கெல்லி, டக் பீடர்சன், நிக் சிரியானி என்று நான்கு பேரோடு வேலை பார்த்திருக்கிறார். இடையில் 2015 இல் அதிகாரம் பிடுங்கப்பட்டு ஓரமாக உட்கார வைக்கப்பட்டார். அப்புறம் திரும்பி வந்து லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை இரண்டு முறை வென்றார். ஆள் மாறவில்லை, பயிற்சியாளர்கள் மாறினார்கள். எது யாரால் நடந்தது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல களம் கிடைக்காது.

வெற்றி தோல்விக் கணக்கைப் பார்த்தாலே போதாதா?

போதாது. 2020 இல் ஈகிள்ஸ் 4 வெற்றி, 11 தோல்வி, 1 சமன். அந்த ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் ரோஸ்மனைத் தூக்கியிருக்க வேண்டும், ஊரே அதைத்தான் கேட்டது. ஆனால் அதே 2020 ஏப்ரலில்தான் அவர் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜேலன் ஹர்ட்ஸை இரண்டாம் சுற்றில், 53 ஆவது ஆளாக எடுத்தார். பயிற்சியாளருடைய விளைவு அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிடும், ஜி.எம். செய்த வேலை தெரியவர இரண்டு மூன்று வருடம் ஆகும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கிறவர்கள் நல்ல ஜி.எம்.களைத் தவறான வருடத்தில் இழக்கிறார்கள்.

சரி, டிராஃப்ட்டை எப்படி மதிப்பிடுவது? ஒரு பெரிய வீரரைத் தவறவிட்டால் அது குற்றம்தானே?

தவறவிடாத ஜி.எம். கிடையாது. 2020 முதல் சுற்றில் ஈகிள்ஸ் 21 ஆவது இடத்தில் ஜேலன் ரேகர் என்ற ரிசீவரை (வீசும் பந்தைப் பிடிப்பவர்) எடுத்தது. அடுத்த இடம், 22, மின்னசோட்டா வைக்கிங்ஸுக்கு. அவர்கள் இன்னொரு ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தார்கள். முதல் சீசனிலேயே ஜெஃபர்சன் பந்தைப் பிடித்து அணியை முன்னேற்றியது 1,400 கெஜம், ரேகர் 396. இரண்டு வருடம் கழித்து ரேகரை ஈகிள்ஸ் அதே மின்னசோட்டாவுக்கே அனுப்பிவிட்டது. முந்தைய வருடம், 2019 இல், ஆர்சேகா-வைட்சைட் என்ற ரிசீவரை 57 இல் எடுத்தபோது டி.கே. மெட்காஃப் இன்னும் மிச்சமிருந்தார், சியாட்டில் அவரை 64 இல் எடுத்துக்கொண்டது. அடுத்தடுத்து இரண்டு வருடம், அதே ரிசீவர் இடத்துக்கு, இரண்டு தப்பு.

இதைச் சொல்லித் திட்டுவது நியாயமே, நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் மதிப்பீடு அதோடு முடிந்துவிடக் கூடாது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். 2021 முதல் சுற்றில் மறுபடியும் ஒரு ரிசீவரையே, டிவான்டா ஸ்மித்தை, எடுத்தார், அதுவும் வேறு அணிக்கு விலை கொடுத்து டிராஃப்ட் வரிசையில் முன்னால் நகர்ந்து போய். 2022 இல் டிராஃப்ட்டை நம்பாமல், ஏற்கெனவே என்.எஃப்.எல்லில் நிரூபித்த ஏ.ஜே. பிரவுனை டென்னசி டைட்டன்ஸிடமிருந்து 18 ஆவது, 101 ஆவது டிராஃப்ட் இடங்களைக் கொடுத்து வாங்கினார். ‘இரண்டு தடவை இங்கே முதலீடு செய்தாயிற்று, இனி வேறு இடத்தைப் பார்ப்போம்’ என்று நகரவில்லை. ‘நான் எடுத்த பையன் தேறிவிடுவான்’ என்று முகத்தைக் காப்பாற்றிக்கொண்டு காத்திருக்கவும் இல்லை. என் கணக்கில் ஒரு ஜி.எம்.மை அளக்க முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: தன் தப்பை எத்தனை சீக்கிரம் தப்பென்று ஒப்புக்கொண்டு, எவ்வளவு செலவில் சரிசெய்கிறார்?

அந்த ஏ.ஜே. பிரவுன் விஷயத்தில் டைட்டன்ஸுக்கு என்ன ஆயிற்று?

அது வருத்தமான கதை. டிசம்பர் 4, 2022 அன்று ஈகிள்ஸ் டைட்டன்ஸை 35-10 என்று தோற்கடித்தது, பிரவுன் இரண்டு டச்டவுன் அடித்தார். இரண்டு நாள் கழித்து டைட்டன்ஸ் ஜி.எம். ஜான் ராபின்சன் வேலையை இழந்தார். அவர் மோசமான ஜி.எம். இல்லை, அவர் காலத்தில் அந்த அணி பலமுறை பிளேஆஃப் (சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்று) போனது. ஒரே ஒப்பந்தத்துக்காக ஒருவரை நீக்கினார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த நாள் சேர்ந்து வந்தது அவருக்கு உதவவில்லை.

சம்பள உச்சவரம்பு என்கிறார்களே, அதில் திறமை எங்கே தெரியும்?

ஒவ்வொரு அணியும் ஒரு வருடத்தில் வீரர்கள் கணக்கில் காட்டக்கூடிய தொகைக்கு ஒரு எல்லை உண்டு, அதைத்தான் ‘கேப்’ என்பார்கள். 2021 இல் அது 18.25 கோடி டாலர், 2024 இல் 25.54 கோடி. கையெழுத்து போடும்போது கொடுக்கும் போனஸை அதிகபட்சம் ஐந்து வருடங்களுக்குப் பிரித்துக் கணக்கெழுதலாம். 5 கோடி போனஸ் என்றால் வருடத்துக்கு ஒரு கோடிதான் கேப்பில் ஏறும். ஆனால் அந்த வீரரை நடுவில் அனுப்பிவிட்டால் மிச்சமிருப்பது மொத்தமும் தலையில் விழும், ஆள் இல்லாமலே பணம் மட்டும் கணக்கில் நிற்கும்.

ரோஸ்மன் இந்தப் பிரிப்பை மற்ற யாரையும்விடத் தாராளமாகப் பயன்படுத்துகிறவர். அதற்கான விலையையும் கொடுத்திருக்கிறார். 2019 இல் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு நான்கு வருடம், 12.8 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்தார். 2021 தொடக்கத்தில் வென்ட்ஸை இண்டியானாபொலிஸுக்கு அனுப்பியபோது கேப்பில் விழுந்த தொகை சுமார் 3.38 கோடி, அன்றைக்கு அது லீக்கிலேயே சாதனை. அந்த வருட கேப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. பெரும்பாலான ஜி.எம்.கள் அந்தத் தொகையைப் பார்த்துப் பயந்து, இன்னொரு வருடம் வென்ட்ஸை வைத்துக்கொண்டு ஒப்பேற்றியிருப்பார்கள். இவர் ஒரே வருடத்தில் வலியை விழுங்கிவிட்டு, பதிலுக்கு வாங்கிய டிராஃப்ட் இடங்களோடு அடுத்த வேலைக்குப் போனார்.

கடைசி வார்த்தை யாருடையதாக இருக்க வேண்டும், பயிற்சியாளரா ஜி.எம்.மா?

இந்தச் சண்டைக்கு வயது அதிகம். 1990களில் நியூ இங்கிலாந்து பயிற்சியாளர் பில் பார்செல்ஸ், உரிமையாளர் டிராஃப்ட் அதிகாரத்தைத் தன்னிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்ததில் மனம் கசந்து அணியை விட்டே போனார். சமைக்கச் சொல்கிறவர்கள் மளிகையில் கொஞ்சமாவது என்னை வாங்க விட வேண்டாமா என்பது அவர் கேட்ட நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் 2015 பிலடெல்பியாவைப் பாருங்கள். சிப் கெல்லி முதல் இரண்டு வருடமும் 10 வெற்றி, 6 தோல்வி. அதை வைத்துக்கொண்டு ஆள் சேர்க்கும் முழு அதிகாரத்தையும் உரிமையாளர் ஜெஃப்ரி லூரியிடமிருந்து வாங்கிக்கொண்டார், ரோஸ்மன் பெரிய பதவிப் பெயரோடு ஓரங்கட்டப்பட்டார். கெல்லி என்ன செய்தார்? ஈகிள்ஸ் வரலாற்றிலேயே அதிக கெஜம் ஓடிய லெஷான் மெக்காயை பஃபலோவுக்குக் கொடுத்துவிட்டு லைன்பேக்கர் (தற்காப்பின் இரண்டாம் வரிசைக்காரர்) கிகோ அலோன்சோவை வாங்கினார். குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸோடு டிராஃப்ட் இடமும் சேர்த்துக் கொடுத்து இன்னொரு குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டை வாங்கினார். முந்தைய வருடம் டல்லஸில் 1,845 கெஜம் ஓடிய டிமார்கோ மர்ரேவுக்கு ஐந்து வருடம், 4 கோடி டாலர். மர்ரே குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் ஆழமாக நின்று, நேராக ஓடி வேகமெடுத்துப் பந்தை வாங்கிப் பழகியவர். கெல்லியின் ஆட்டத்தில் ஓட்டக்காரர் குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்தில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து தொடங்க வேண்டும். அந்த வருடம் மர்ரே ஓடியது 702 கெஜம். தன் ஆட்டமுறையைத் தன்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது என்ற நிலையில் இருந்த பயிற்சியாளரே அதற்குப் பொருந்தாத ஆளை வாங்கினார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். ஒரு சீசன் முடிவதற்குள்ளேயே, டிசம்பர் கடைசியில், கெல்லி நீக்கப்பட்டார்.

என் கருத்து: கடைசிக் கையெழுத்து ஜி.எம்.முடையதாக இருக்கட்டும், ஆனால் எந்த மாதிரி ஆள் வேண்டும் என்ற விவரிப்பு பயிற்சியாளரிடமிருந்து வர வேண்டும். பயிற்சியாளர் வரும் ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்பார், பார்த்தே ஆக வேண்டும். மூன்று வருடம் கழித்து வரும் சம்பளக் கணக்கை அவர் தலையில் ஏற்றுவது அவருக்கும் நல்லதில்லை. நியூ இங்கிலாந்தில் பில் பெலிச்சிக் இரண்டையும் செய்து ஆறு சூப்பர் பௌல் வென்றாரே என்பீர்கள். உண்மைதான், கடைசியில் 2023 இல் 4-13 என்று முடிந்ததும் உண்மை. அவரையே விதியாக வைத்துக்கொள்ள முடியாது.

ஒரு நல்ல கூட்டணியை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பேட்டிகளைப் பார்க்காதீர்கள், அங்கே எல்லோரும் எல்லோரையும் புகழ்வார்கள். எந்த வீரர் எங்கே ஆடுகிறார் என்று பாருங்கள்.

2018 கடைசிச் சுற்றில், 233 ஆவது இடத்தில், ஈகிள்ஸ் ஜோர்டன் மைலாட்டாவை எடுத்தது. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்த பையன், ஆறடி எட்டு அங்குலம், அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அவரைத் தாக்குதல் லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்டிடம் ஒப்படைத்தார்கள். ஸ்டவுட்லண்ட் 2013 இல் கெல்லி கூட்டிவந்தவர், ஆனால் கெல்லி போன பிறகும் பீடர்சனிடம் இருந்தார், சிரியானியிடமும் இருந்தார். தலைமைப் பயிற்சியாளர் மாறும்போது மொத்தக் கூடாரத்தையும் காலி செய்வது வழக்கம், இங்கே அப்படிச் செய்யவில்லை. மைலாட்டா முதல் இரண்டு வருடம் களத்துக்கே வரவில்லை. நிற்பது, கை வைப்பது, கால் நகர்த்துவது என்று அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டார்.

இதற்கிடையே 2019 இல் மைலாட்டா ஆடவிருந்த அதே இடது டேக்கிள் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன்காரர்) இடத்துக்காக ரோஸ்மன் முதல் சுற்றில் முன்னால் நகர்ந்து போய் ஆண்ட்ரே டில்லார்டை எடுத்திருந்தார். 2021 கோடை முகாமில் இருவருக்கும் போட்டி வைத்தார்கள். மைலாட்டா ஜெயித்தார், இடமும் அவருக்கே போனது, சீசன் தொடங்குவதற்குள் நான்கு வருடம், 6.4 கோடி டாலர் ஒப்பந்தமும் கிடைத்தது. இதை இரண்டு பக்கமிருந்தும் யோசித்துப் பாருங்கள். தன் முதல் சுற்றுத் தேர்வை பெஞ்சில் உட்கார வைக்கிற பயிற்சியாளர்கள் மேல் கோபப்படாத ஜி.எம். இருக்க வேண்டும். முதல் சுற்றுக்காரர் என்பதற்காக வாய்ப்பு கொடுத்துக்கொண்டே இருக்காத பயிற்சியாளர்களும் இருக்க வேண்டும். பல அணிகளில் இந்த இரண்டில் ஒன்று இருக்காது, டில்லார்டே மூன்று வருடம் ஆடிக்கொண்டிருந்திருப்பார்.

இன்னொன்று, 2024. நியூ ஆர்லியன்ஸில் பெரும்பாலும் ஸ்பெஷல் டீம்ஸிலும் (பந்தை உதைக்கும் நேரங்களில் இறங்கும் குழு) தற்காப்பு வரிசையின் ஓரத்திலுமாக ஆடிக்கொண்டிருந்த சேக் பானை ரோஸ்மன் ஒரு வருடத்துக்கு 35 லட்சம் டாலருக்கு எடுத்தார். லீக் கணக்கில் சில்லறை. புதிதாக வந்த தற்காப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ அவரை நடுவே லைன்பேக்கராக மாற்றினார், அந்த வருடமே பான் ஆல்-ப்ரோ (லீக்கின் அந்த வருடச் சிறந்த வீரர்கள் பட்டியல்) முதல் அணியில். எடுத்தவருக்குப் பாதி, இடம் மாற்றியவருக்குப் பாதி. இப்படிப் பெருமையை ஒருவருக்கே கொடுத்துவிட முடியாத வீரர்கள் ஓர் அணியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், கூட்டணி எப்படி என்று தெரிந்துவிடும்.

பயிற்சியாளர் தோற்றால் ஜி.எம். மேல் எவ்வளவு பழி போட வேண்டும்?

அவரை வேலைக்கு வைத்ததில் எவ்வளவு பங்கோ அவ்வளவு. பீடர்சன் சூப்பர் பௌல் வென்று மூன்று வருடம் முடிவதற்குள் நீக்கப்பட்டார், ரோஸ்மன் தங்கினார். 2020 அணியின் ஓட்டைகள் பாதிக்குமேல் ரோஸ்மன் உண்டாக்கியவை, அதற்கான தண்டனையைப் பீடர்சன் தனியாக வாங்கிக்கொண்டார் என்பது என் எண்ணம். அதை நான் இன்றும் அநியாயமாகத்தான் பார்க்கிறேன்.

2023 வேறு மாதிரி. 10-1 என்று தொடங்கிய அணி கடைசி ஆறில் ஐந்து தோற்று, பிளேஆஃபில் டாம்பாவிடம் 32-9 என்று விழுந்தது. எல்லோரும் சிரியானியை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பவில்லை. முந்தைய சீசன் முடிந்ததும் இரண்டு உதவிப் பயிற்சியாளர்கள் வேறு அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனதுதான் சரிவின் வேர் என்று பார்த்து, அந்த இரண்டு இடத்தையும் ஃபாஞ்சியோ, கெல்லன் மூர் என்ற அனுபவசாலிகளால் நிரப்பினார்கள். கூடவே ஓட்டக்காரர் சேக்வான் பார்க்லி வந்தார், கின்யான் மிட்செல், கூப்பர் டிஜீன் என்று இரண்டு இளம் கார்னர்பேக்குகள் (எதிரணி ரிசீவர்களை மறிப்பவர்கள்) வந்தார்கள். பார்க்லி அந்த சீசனில் 2,005 கெஜம் ஓடினார். பிப்ரவரி 9, 2025 அன்று சூப்பர் பௌலில் கான்சஸ் சிட்டியை 40-22 என்று வென்றார்கள். எது உடைந்ததோ அதை மட்டும் மாற்றினார்கள், அது பெரிய விஷயம்.

வெற்றியின் பெருமை யாருக்கு என்று எப்போதும் பிரிக்க முடியுமா?

முடியாது. கான்சஸ் சிட்டி 2017 இல் 27 இலிருந்து 10 க்கு நகர்ந்து குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸை எடுத்தபோது ஜி.எம். ஜான் டோர்சி. ஜூனில் அவரை நீக்கிவிட்டார்கள். மஹோம்ஸை எடுக்கச் சொல்லி விடாமல் வாதாடிய பிரெட் வீச் அடுத்த ஜி.எம். ஆனார். ஈகிள்ஸிலிருந்து போய் அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஆண்டி ரீட் மஹோம்ஸை வளர்த்தார். மூவருக்கும் உரிமை உண்டு, சண்டை போட்டுத் தீர்க்க வேண்டிய விஷயமில்லை.

பரிமாற்றங்களை எப்போது மதிப்பிடலாம்?

அதன் கடைசித் துண்டு ஆடி முடித்த பிறகு. கெல்லி வாங்கிவைத்த பிராட்ஃபோர்டை ரோஸ்மன் செப்டம்பர் 2016 இல், சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, மின்னசோட்டாவுக்கு விற்றார். அங்கே குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டர் பயிற்சியில் முழங்கால் உடைந்து விழுந்திருந்தார், அவர்களுக்கு வேறு வழியில்லை. கிடைத்தது 2017 முதல் சுற்று இடமும் 2018 நான்காம் சுற்று இடமும். முதலாவதில் வந்தவர் டெரிக் பார்னெட். 2018 பிப்ரவரி சூப்பர் பௌலின் கடைசி நிமிடங்களில் ஈகிள்ஸின் பிராண்டன் கிரகாம் எதிரணி குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் கையிலிருந்து தட்டிய பந்தைத் தரையிலிருந்து எடுத்தவர் அவர்தான். இரண்டாவதில் வந்தவர் ஜாஷ் ஸ்வெட், 2025 சூப்பர் பௌலில் மஹோம்ஸை இரண்டரை சாக் (பந்தை வீசுமுன் வீழ்த்துவது) செய்தவர். ஒரே விற்பனை, ஏழு வருட இடைவெளியில் இரண்டு கோப்பைக்கும் ஆள் கொடுத்திருக்கிறது. 2016 செப்டம்பரில் இதை யார் மதிப்பிட்டிருக்க முடியும்?

ஜி.எம்.மும் பயிற்சியாளரும் ஒரே நேரத்தில் வந்தால் நல்லதா?

பெரும்பாலும் ஆமாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜி.எம். ஜான் லிஞ்சும் பயிற்சியாளர் கைல் ஷனகனும் 2017 இல் ஆளுக்கு ஆறு வருட ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்தார்கள். ஒருவர் தலையை வெட்டி இன்னொருவர் தப்பிக்க முடியாது. 2021 இல் மூன்று முதல் சுற்று இடங்களைச் செலவழித்து குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸை எடுத்தார்கள், அது படுதோல்வி, அந்த அணிக்கு அவர் தொடக்க ஆட்டக்காரராக ஆடியது நான்கே ஆட்டம். வேறு அணியாக இருந்தால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் விரலை நீட்டியிருப்பார்கள். இவர்கள் 2022 டிராஃப்ட்டின் கடைசி ஆளாக, 262 ஆவதாக எடுத்த குவார்ட்டர்பேக் பிராக் பர்டியை நம்பி லான்ஸை விட்டுவிட்டார்கள், பர்டி அவர்களை 2024 பிப்ரவரி சூப்பர் பௌல்வரை கூட்டிப்போனார்.

டிராஃப்ட் முடிந்த மறுநாளே வரும் மதிப்பெண்களை நம்பலாமா?

வேண்டாம். ஹர்ட்ஸை எடுத்த அன்று, வென்ட்ஸுக்கு 12.8 கோடி கொடுத்துவிட்டு எதற்கு இன்னொரு குவார்ட்டர்பேக் என்று பலரும் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அந்த 53 ஆவது ஆள்தான் 2025 சூப்பர் பௌலின் சிறந்த வீரர்.